பாத்துக்கிடுதேன் என்று சொன்னவர்

மக்கா,

என் தந்தியைப் பார்த்து, அப்பாவுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று நினைத்திருப்பாய். ‘மெஷினை உடனே நிறுத்து. கடிதம் வருகிறது. அப்பா.’ அவ்வளவுதான் அதில் எழுத முடிந்தது. தபாலாபீஸில் இருந்த பையன் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, “எந்த மெஷின்னு போட வேண்டாமா சார்?” என்று கேட்டான். உனக்குப் புரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு முன்னால் உன் மில்லுக்கு டிரங்க் கால் போட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். லைன் கிடைக்கவில்லை. சூப்பர்வைசராகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் அப்பா குறுக்கே விழுந்து உத்தரவு போடுகிறாரே என்று உனக்குக் கோபம் வந்திருந்தால் அது நியாயம்தான். கோபத்தோடேயே படி. மெஷினை நிறுத்திவிட்டுப் படி.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. கோயம்புத்தூர்க் குளிர், மெஸ் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்ற புகார், ரூமில் கூட இருக்கிற பையனின் குறட்டை, எல்லாவற்றையும் உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். மூன்றாம் பக்கத்தில் நீ போகிற போக்கில் எழுதியிருந்தாய்: ‘புளோ ரூமில் ஒரு மெஷினுக்கு மூடி இல்லை. அங்கே நிற்கிற ஆளிடம் சொன்னேன். பாத்துக்கறேனுங்க என்றார். அது முடிந்த மாதிரிதான்.’ அதைப் படித்ததும் சட்டென்று எழுந்து நின்றேன். சாப்பாட்டுக்குப் பிறகு கட்டைக்காலைக் கழற்றிச் சுவரோரம் வைத்திருந்தது ஞாபகம் இல்லை. பதினேழு வருஷத்தில் ஒருநாள்கூட எனக்குக் கால் இல்லை என்பதை நான் மறந்ததில்லை. நேற்று மறந்தேன். தரையில் கிடந்த என்னைத் தூக்க வந்த உன் அம்மா, “தம்பிக்கு என்னாச்சு? சொல்லுங்க, தம்பிக்கு என்னாச்சு?” என்று கத்தினாள். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்குத்தான் என்னவோ ஆகிக்கொண்டிருக்கிறது என்று பட்டது.

ஏன் என்று சொல்வதென்றால் என் காலிலிருந்து தொடங்க வேண்டும். சண்டையில் எதிரியை நோக்கி ஓடும்போது கண்ணிவெடியில் அப்பாவின் கால் போயிற்று என்பது உனக்குத் தெரிந்த கதை. நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஊரார் சொல்லும்போது மறுத்ததும் இல்லை. நடந்தது இது. எழுபத்தொன்று டிசம்பர், மேற்கு எல்லை. நான் கேப்டன். முன்னால் ஒரு மைதானம் முழுக்கக் கண்ணி புதைத்திருந்தார்கள். என் ஹவில்தார் இரண்டு ஆட்களோடு வயிற்றால் ஊர்ந்து போய், குத்திக் குத்திப் பார்த்து, ஒரு பாதையைச் சுத்தம் செய்து இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிவிட்டுத் திரும்பினார். முகமெல்லாம் மண். “ராஸ்தா ஸாஃப் ஹை, ஸாப்” என்றார், வழி சுத்தம் என்று. அந்த வார்த்தையை நம்பி நாங்கள் எழுபது பேர் நடந்தோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, விடிந்து, சண்டையும் ஓய்ந்த பிறகு, எனக்கு ஒன்றுக்கு வந்தது. ஆட்கள் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டு நாடாவைத் தாண்டி நாலு எட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டை வைக்க இடது கால் இல்லை. மக்கா, உன் அப்பாவின் வீரத்தழும்பு இதுதான். இதை எழுதுகிற இந்த நிமிஷம்கூட என் காது சூடாகிறது.

பூனாவில் செயற்கைக் கால் போடுவதற்காக மாதக் கணக்கில் படுத்துக் கிடந்தபோது ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்தேன். ஹவில்தாரின் வார்த்தைக்குள் நடந்தவரை எனக்கு இரண்டு கால் இருந்தது. அதைத் தாண்டினேன், போய்விட்டது. ஆகவே கீழே இருக்கிறவன் ‘ஆயிற்று’ என்று சொன்னால் அதை நம்பு, மேலே ஆராயாதே என்று எனக்கு நானே பாடம் எழுதிக்கொண்டேன். காலைக் கொடுத்துப் படித்த பாடம் தப்பாக இருக்கும் என்று எவனுக்குத் தோன்றும்?

நான் சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்தபோது உனக்கு ஏழு வயது. அந்த வருஷம் ஆடித்தபசுக் கூட்டத்தில் கூட என் ஊன்றுகோலைப் பார்த்து ஜனங்கள் விலகி வழி விட்டார்கள். அந்த விலகல் எனக்குப் பிடிக்கவில்லை. ராஜபாளையம் ரோட்டில் புதிதாக நூல் மில் தொடங்கியிருந்த முதலாளி கூப்பிட்டனுப்பி, கேட்டைப் பார்த்துக்கொள்ளும் செக்யூரிட்டி ஆபீசர் வேலை தருவதாகச் சொன்னார். ஒரு காலத்தில் நூறு பேருக்கு உத்தரவு கொடுத்தவன் பஞ்சு லாரியை எண்ணப் போகிறேனா என்று முதல் வாரம் முழுக்கச் சுருக்கென்று குத்தியது. பிறகு மில்லே எனக்குப் பிடித்துப்போனது. இங்கேயும் ஆட்கள், முறை வேலை, சங்கு, வரிசை. இரண்டு வருஷத்தில் என்னை நிர்வாக அதிகாரி ஆக்கினார்கள். முன்பெல்லாம் ஏழு மணி ஷிஃப்டுக்கு ஏழரைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஆறே முக்காலுக்கு வந்து நின்றார்கள். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். பட்டாளத்துப் பழக்கம். ஓட்டை கண்டால் எழுதுவேன், ஆளிடம் சொல்லுவேன், ஆள் ஆயிற்று என்றால் பக்கத்தில் ஒரு டிக் அடிப்பேன். சாயங்காலம் நோட்டில் டிக் இல்லாத வரி ஒன்றும் இருக்காது. முதலாளி அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மற்ற அதிகாரிகளிடம் காட்டுவார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. பத்து வருஷம் இந்தியில் உத்தரவு கொடுத்து, இந்தியில் பதில் வாங்கிப் பழகிய என் காது, நம் ஊர்ப் பேச்சைப் பாதிதான் கேட்டது. ‘பாத்துக்கிடுதேன்’ என்று நம் ஊரில் சொல்வார்களே, அதை எடுத்துக்கொள். பக்கத்து வீட்டுக்காரி உன் அம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு டவுனுக்குப் போனால், “நீ போயிட்டு வா, நான் பாத்துக்கிடுதேன்” என்பாள் உன் அம்மா. அப்போது அதற்கு அர்த்தம் ஒன்று. கிணற்றடியில் வழுக்கும் என்று நான் சொன்னால், “தெரியும், நான் பாத்துக்கிடுதேன்” என்பாள். அப்போது அர்த்தம் வேறு. முதலாவதில் அந்தக் காரியத்தை அவள் செய்து முடிப்பாள். இரண்டாவதில் வழுக்குகிற இடம் வழுக்குகிறபடியே இருக்கும், அவள் மெதுவாகக் கால் வைப்பாள். கோயம்புத்தூரில் ‘கிடு’ போய் ‘ங்க’ வந்திருக்கிறது. வார்த்தை அதேதான் மக்கா.

இனிமேல்தான் செல்லையா. நம் மில் கேட்டில் உட்கார்ந்திருக்கிற, உன்னைச் சைக்கிள் பாரில் வைத்து ஊரெல்லாம் சுற்றிய, வலது கை முழங்கைக்குக் கீழே இல்லாத, உன் செல்லையா மாமா. திருவேங்கடத்துப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். மூன்று வருஷம் வானம் பொய்த்ததும் மம்பட்டியைப் போட்டுவிட்டு மில்லுக்கு வந்தவர். புளோ ரூமில் பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடுகிற வேலை. அங்கே மெஷினுக்குள் முள் வைத்த உருளை சுற்றும் என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சு அடைத்துக்கொண்டால் பக்கவாட்டில் இருக்கிற வாயைத் திறந்து எடுக்க வேண்டும். அந்த வாய்க்கு ஓர் இரும்பு மூடி. ஒருநாள் காலை சுற்றி வரும்போது அந்த மூடி இல்லை. கீல் உடைந்து யாரோ கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

“என்னவே செல்லையா, மூடி எங்கே?” என்றேன்.

“கீலு போயிட்டு சார். ரெண்டு நாளா இப்படித்தான் ஓடுது.”

“கை உள்ளே போயிட்டா என்ன ஆகும்? இத முதல்ல கவனியும்.”

“சரி சார். நான் பாத்துக்கிடுதேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் நோட்டை எடுத்தேன். ‘புளோ ரூம், மூடி’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் அடித்தேன். அதோடு அடுத்த டிபார்ட்மெண்டுக்கு நடந்துவிட்டேன். ஃபிட்டரைக் கூப்பிடவில்லை. மறுநாள் வந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவர் வார்த்தையைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும் என்று நினைத்தேன். அந்த மூடியைப் போடச் சொல்லி ஃபிட்டருக்கு உத்தரவு கொடுக்க மில்லில் அதிகாரம் உள்ளவன் நான். பொதி பிரிக்கிற ஆளுக்கு அந்த அதிகாரம் ஏது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

எட்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஆபீஸில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். மில்லில் ஒரு சத்தம் கூடினால்கூடக் காது பழகிவிடும். சத்தம் குறைந்தால்தான் திடுக்கென்று இருக்கும். புளோ ரூம் பக்கம் சத்தம் நின்றது. நான் ஓடினேன், என்னால் முடிந்த ஓட்டம். வெள்ளைப் பஞ்சு முழுக்கச் சிவப்பு. நான் சண்டை பார்த்தவன், மக்கா. என் சொந்தக் கால் தனியாகக் கிடந்ததைப் பார்த்தவன். ஆனாலும் வாசலிலேயே நின்றுவிட்டேன். செல்லையா உட்கார்ந்திருந்தார். சுவரில் சாய்ந்து, விழித்துக்கொண்டு. இரண்டு பேர் வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூடி அதே இடத்தில் சுவரோரம் சாய்ந்திருந்தது. எட்டு நாள் தூசு அதன் மேல்.

முதலாளியின் காரில் போட்டுத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின் சீட்டில் அவர் தலை என் மடியில். பாதி வழியில் கண்ணைத் திறந்து என் கட்டைக்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “உங்களுக்குக் காலு, எனக்குக் கையி. ரெண்டு பேருஞ் சேந்தா ஒரு ஆளு தேறும் சார்” என்றார். அந்த நேரத்தில் ஒரு மனிதனால் எப்படி அப்படிப் பேச முடிந்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நாலாம் நாள் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கே விசாரணைக்கு வந்தார். எமர்ஜென்சி சமயம் அது. யூனியன்காரர்கள் வாயைத் திறக்க யோசித்த காலம். இன்ஸ்பெக்டர் என் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். மூடி என்ற வார்த்தையும், பக்கத்தில் என் டிக்கும் இருந்தன. “அப்போ மூடி போட்டிருந்ததா?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து செல்லையா பேசினார். “சார் அன்னைக்கே சொல்லிட்டாவ. நாந்தான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். ஏழு நாளு பாத்துக்கிட்டேன். எட்டாம் நாளு கவனம் பெசகிட்டு. எந் தப்புதான் எழுதிக்கிடுங்க.” அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் மூடியைப் போடுவதாக எப்போதுமே சொல்லவில்லை. ஜாக்கிரதையாகக் கை வைப்பதாகத்தான் சொல்லியிருக்கிறார். தான் கொடுத்த வார்த்தையை ஏழு நாள் காப்பாற்றியும் இருக்கிறார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். ‘இல்லை சார், இவர் சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொண்டேன், திரும்பப் போய்ப் பார்க்கவில்லை, என் தப்பு’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இன்ஸ்பெக்டர் எழுதினார். செல்லையா இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு மாதத்தில் என்னை ஜெனரல் மானேஜர் ஆக்கினார்கள். “இன்னொருத்தனா இருந்தா மில்லே நாறிப் போயிருக்கும். பட்டாளத்து ஆளு, சத்தமில்லாம முடிச்சிட்டாரு” என்று முதலாளி என் முதுகில் தட்டினார். காலை இழந்தும் முன்னேறியவர் என்று இன்றைக்கு மேடையில் என்னைப் புகழ்கிறார்களே, அந்த ஏணியின் முதல் படி அதுதான். செல்லையாவுக்குக் கேட்டில் வேலை போட்டுக் கொடுத்தேன். அதைப் பெரிய மனசு என்று ஊர் பேசியது. உன் அம்மாவும் பேசினாள். நான் கேட்டுக்கொண்டேன்.

இதற்கு மேல் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம். நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. கால் இல்லாத அப்பாவும் கை இல்லாத மாமாவும் தினமும் மில் கேட்டில் பேசிக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிள்ளை நீ. இரண்டு பேரும் ஒரே சண்டையில் ஒன்றாக அடிபட்டவர்கள் என்று உன் மனதில் ஒரு கதை கட்டிக்கொண்டாய். அதை வகுப்பில் போய்ச் சொல்லியும் விட்டாய். ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஹெட்மாஸ்டர் அதை நம்பி, குடியரசு தினத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்தார். செல்லையாவிடம் எதற்கு என்று சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனேன், எனக்கே முழுதாகத் தெரியாது. மைக்கில் “நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவர், கையைக் கொடுத்தவர்” என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்லையா என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ முதல் வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். மாலை போட்டார்கள். அவர் ஒற்றைக் கையால் மாலையைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்தார். நீ முன்னால் வந்து நின்று இருவருக்கும் சல்யூட் அடித்தாய். அதன் பிறகு நீ பள்ளிக்கூடம் முடிக்கிறவரை வருஷாவருஷம் இது நடந்தது. என் வாயை மூடிக்கொள்ள அவர் கையை நான் இரண்டாம் முறையும் எடுத்துக்கொண்டேன்.

இதுவரை இன்று காலை எழுதினேன். எழுதிவிட்டு, செல்லையாவைக் கேட்காமல் அவர் கதையை உனக்கு அனுப்புவது சரியில்லை என்று தோன்றியது. சட்டையை மாட்டிக்கொண்டு மில் கேட்டுக்குப் போனேன். அவர் எழுந்து நின்றார். உள்ளே செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்து உன் கடிதத்தின் அந்த மூன்று வரியையும் படித்துக் காட்டினேன். அவர் முகம் சுண்டிப்போனது.

“அந்த ஆளு பேரு என்ன சார்? பிள்ளகுட்டி உண்டா?” என்று கேட்டார்.

அந்த ஆளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்பது, மக்கா, அதுவரை எனக்குத் தோன்றவில்லை. உன் கடிதத்திலும் இல்லை.

“செல்லையா, உம்ம கை எப்படிப் போச்சுன்னு பையனுக்கு எழுதப் போறேன். உமக்குச் சம்மதமா?” என்றேன்.

“தம்பிக்குத் தெரியுமே சார்” என்றார்.

எனக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். “என்ன சொல்லுதீரு?”

“பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே கேட்டுட்டான். ‘மாமா, உங்களுக்கு எந்தச் சண்டையில போச்சு, அப்பா ரெஜிமெண்டுல உங்க பேர் இல்லியே’ன்னான். அப்பா பெட்டியில இருந்த, கீழ பேரெல்லாம் போட்ட பழைய போட்டோவ எடுத்துப் பாத்திருக்கான். அவங்கிட்டப் போயி எப்படிப் பொய் சொல்ல? ‘இந்த ஊருச் சண்டைதாம்லே’ன்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போயி அந்த மெஷினக் காட்டினேன். ரொம்ப நேரம் அங்கனயே நின்னான்.”

“என்ன சொன்னான்?”

“ஒண்ணுஞ் சொல்லல. அந்த வருசமும் வந்து ரெண்டு பேருக்கும் சல்யூட் அடிச்சான்.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணி வெடித்தபோதுகூடக் கொஞ்ச நேரம் ஒன்றும் வலிக்கவில்லை, சத்தம் மட்டும் காதில் இருந்தது. அதே மாதிரி இருந்தது. பதினாறு வயசில் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எனக்குச் சல்யூட் அடித்தாய். தெரிந்துகொண்டே ஆறு வருஷம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாய், காலேஜ் போனாய், வேலைக்குக் கிளம்பும்போது என் கட்டைக்காலைத் தொட்டுக் கும்பிட்டாய். ஒருநாள்கூட, ‘ஏன்ப்பா?’ என்று கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பாய். செல்லையாவும் அப்படித்தான் நினைத்து அந்தக் காகிதத்தில் விரலை வைத்தார். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் பேசாமல் இருப்பதை நான் உனக்கு ஒருநாளும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் நீ அதை என்னிடமிருந்து எவ்வளவு சுத்தமாகக் கற்றுக்கொண்டுவிட்டாய்! எனக்குப் பயமாக இருக்கிறது மக்கா. உன்னை நினைத்தே பயமாக இருக்கிறது.

“அந்த வார்த்தைய மட்டும் நான் அவங்கிட்டச் சொல்லல சார்” என்றார் செல்லையா. “மெஷின்ல போச்சுன்னு மட்டுந்தான் சொன்னேன். நீங்க வந்து கேட்டது, நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னது, அதெல்லாம் உங்க வாயால வரணும்னு விட்டுட்டேன். வருசம் போயிட்டு.” பழி சொல்கிற குரல் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. ஐம்பது வயசில், மில் கேட்டில், வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்து நான் அழுதேன். உள்ளே வந்த கணக்கப்பிள்ளை பயந்து வெளியே போய்விட்டார். “என்னை மன்னிச்சிரும்வே” என்றேன். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “முதல்ல அந்தப் புள்ளையோட கையப் பாப்போம் சார்” என்றார். அதாவது உன் புளோ ரூமில் நிற்கிற, பெயர் தெரியாத அந்த ஆளின் கையை.

அடுத்த மாதம் மூன்று மில்லுக்கும் சேர்த்து என்னைத் தலைமை நிர்வாகி ஆக்கப் போகிறார்கள் என்று உன் அம்மா உனக்கு எழுதியிருப்பாள். பட்டாளத்தில் கால் போய், கேட்டில் லாரி எண்ணி, இந்த இடத்துக்கு வந்தவன் என்று பேச ஆட்களை ஏற்பாடு செய்துவிட்டார்கள். இன்று சாயங்காலம் முதலாளி வீட்டுக்குப் போகிறேன். அந்தப் பழைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. டிக் அடித்த பக்கத்தைக் காட்டி, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லப் போகிறேன். எழுதியும் கொடுக்கப் போகிறேன். அதற்குப் பிறகு எனக்கு வேலை இருக்குமா என்று தெரியவில்லை. உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள், “பன்னெண்டு வருசமா அந்த மனுசனுக்கு நான் டம்ளர்ல காப்பி கொடுத்திருக்கேன். ஒருநா கூட என்னான்னு எனக்குச் சொல்லத் தோணலியே உங்களுக்கு” என்று மட்டும் கேட்டாள்.

உனக்கு நான் சொல்ல விரும்புவது அதிகமில்லை. ஆட்களை நம்பு. அவர்கள் பேச்சை முழுதாகக் கேட்டு நம்பு. பாதி கேட்டுவிட்டு டிக் அடிக்காதே. ‘ஆயிற்றா?’ என்று கேட்காதே, ‘எங்கே, காட்டுங்கள்’ என்று கேள். காட்டச் சொன்னால் எந்த நல்ல ஆளும் கோபித்துக்கொள்ள மாட்டான். நம் ஊரில் மேலே இருக்கிறவரிடம் ‘முடியாது’ என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ‘இது என் வேலை இல்லை, உங்கள் வேலை’ என்றும் சொல்ல மாட்டார்கள். மரியாதையாக வேறொரு வார்த்தை சொல்லுவார்கள். நீ உட்காரப் போகிற நாற்காலி உயர உயர அந்த மரியாதை கூடும். என்னிடம் உனக்குக் கேள்வி இருந்தால், ஆறு வருஷத்துக் கேள்வி, அடுத்த லீவுக்கு வரும்போது கேட்டுவிடு. சத்தம் போட்டே கேள். தெருவுக்குக் கேட்டாலும் பரவாயில்லை.

நம் மில்லின் நூல் லாரி இன்று சாயங்காலம் கோயம்புத்தூருக்குக் கிளம்புகிறது. டிரைவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். செல்லையா கேட்கவில்லை. “கடுதாசியப் படிச்சா அவனும் ‘சரி’ன்னுதான் சொல்லுவான். நான் போறேன். அந்தப் புள்ளைக்கு இந்தக் கையக் காட்டணும்” என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். ஆகவே இதை உன்னிடம் கொடுத்தவர் அவர்தான். நீ கடைசி வரிக்கு வருகிறவரை உன் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். இரவெல்லாம் லாரியில் நூல் மூட்டையோடு குலுங்கி வந்த மனிதர். உட்காருங்கள் மாமா என்று நீ சொல்லியிருப்பாய், “இருக்கட்டும் தம்பி” என்று சொல்லியிருப்பார். நீயும் சரி என்று விட்டிருப்பாய். எழுந்திரு மக்கா. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் அதில் உட்காருவதை உன் கண்ணால் பார்.

அப்பா